பொறுத்துப் போவது யார்?

திருவருகைக் காலம் நடக்கிறது. டிசம்பர் பிறந்துவிட்டால் புதுச்சேரியில் கிறிஸ்தவ வீடுகளுக்கு இரண்டு கவலைகள். ஒன்று விவிக்கம் கேக். ரவை, நெய், ரம்மில் ஊறவைத்த பழங்கள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்பது. மற்றது, யார் யார் வருகிறார்கள், யாருக்கு எந்த அறை, யார் பக்கத்தில் யாரை உட்காரவைக்கக் கூடாது என்பது. கேக்கைப் பற்றி எழுத என் மனைவிக்குத்தான் தகுதி உண்டு. இரண்டாவதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

டிசம்பர் 24 நடுச்சாமப் பூசையிலிருந்து ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் பதினான்கு நாள். ஆண்டு முழுக்கத் தொலைபேசியில் மட்டும் பேசிக்கொள்ளும் உறவுகள் இந்தப் பதினான்கு நாளில் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்கின்றன. எங்கள் ஊரில் பாதி உறவு பிரான்சிலிருந்து வரும். வருகிறவர்களில் எல்லோரும் இனிமையானவர்கள் என்று சொல்ல முடியாது. வாய் துடுக்கானவர் ஒருவர், எதிலும் குறை காண்பவர் ஒருவர், இரண்டு கோப்பைக்குப் பிறகு பழைய பாகப்பிரிவினையைக் கிளறுபவர் ஒருவர். எந்த வீட்டிலும் இந்தப் பட்டியல் அதிகம் மாறாது. ஊரிலேயே இருப்பவர்களும் சளைத்தவர்கள் இல்லை.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "பொறுத்துப் போ." கோயிலில் சாமியார் சொல்கிறார், வீட்டில் மாமியார் சொல்கிறார், பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் அதே பதில் கிடைக்கிறது. பொறுமை கிறிஸ்தவப் புண்ணியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எழுபத்தைந்து கிறிஸ்துமஸ் பார்த்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். பொறுத்துப் போவது யார்? பொறுக்கச் சொல்வது யார்? இரண்டும் ஒரே ஆளாக இருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதலில் திருச்சபை என்ன சொல்லிக்கொடுத்தது என்று பார்ப்போம். என் பள்ளிப் படிப்பு முழுவதும் பிரெஞ்சில். ஞானோபதேசம் மட்டும் இரண்டு மொழியிலும். வீட்டில் பாட்டி தமிழில், பள்ளியில் பிரெஞ்சில். இரக்கச் செயல்கள் பதினான்கையும் வரிசையாக ஒப்பிக்க வேண்டும். உடலுக்கு ஏழு, ஆன்மாவுக்கு ஏழு. ஆன்மாவுக்கான ஏழு இவை: அறியாதவர்க்குக் கற்பிப்பது, ஐயப்படுவோர்க்கு ஆலோசனை சொல்வது, பாவம் செய்பவரைக் கண்டித்துத் திருத்துவது, துயருற்றோரைத் தேற்றுவது, நோகச் செய்தவரை மன்னிப்பது, தொல்லை தருபவரைப் பொறுத்துக்கொள்வது, உயிரோடிருப்போர்க்கும் இறந்தோர்க்கும் ஜெபிப்பது.

தொல்லை தருபவர் என்று தமிழில் சொன்ன இடத்தில் பிரெஞ்சில் "ஆன்னுயே" என்ற சொல் வரும். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நம்மைத் தொந்தரவு செய்பவர் என்பது ஒன்று. நம்மை அலுக்கவைப்பவர் என்பது மற்றொன்று. சின்ன வயதில் இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வயதான பிறகு, பண்டிகைக் காலப் பொறுமையின் முதல் பாடமே இதுதான் என்று தோன்றுகிறது. வந்திருப்பவர் அலுப்பூட்டுகிறாரா, காயப்படுத்துகிறாரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கக் கூடாது.

அலுப்பூட்டுபவருக்கு உதாரணம் என் பெரியப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இந்தோசீனாவுக்குப் போய்வந்தவர். 1960களில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவும், பூசை முடிந்து விருந்துக்கு உட்கார்ந்ததும், சய்கோனில் கப்பல் போய் நின்ற கதையை ஆரம்பிப்பார். அதே கப்பல், அதே மழை, அதே கெட்டுப்போன ரொட்டி. எங்கே நிறுத்துவார், எங்கே இருமுவார் என்பதுகூட எங்களுக்கு மனப்பாடம். அப்பா மட்டும் ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கேட்பதுபோல, "அப்புறம் என்ன ஆச்சு அண்ணே?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் பெரியப்பாவின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே! பெரியப்பா போன பிறகுதான் புரிந்தது, அந்தக் கதையை அவரால் வேறு எங்கேயும் சொல்ல முடியவில்லை என்பது. இந்த வகை மனிதர்களுக்கு நம்மிடம் வேண்டியது காது மட்டும். பதினான்கு நாளில் அரை மணி நேரம் காதைக் கொடுப்பது பெரிய தியாகம் இல்லை. இங்கே "பொறுத்துப் போ" என்பது முழுக்கச் சரியான அறிவுரை.

இதே வகையைப் பற்றி லிசியே நகரத்துக் குழந்தை தெரேசம்மாள் எழுதியிருக்கிறார். 1888இல் பதினைந்து வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர், 1897இல் இருபத்து நான்கு வயதில் இறந்தவர். மறு ஆண்டு வெளியான அவருடைய தன்வரலாற்றில் பெரிய அற்புதங்களைத் தேடினால் கிடைக்காது. உடம்புக்கு முடியாத வயதான கன்னியர் ஒருவரைத் தினமும் மாலையில் ஜெபத்திலிருந்து சாப்பாட்டு அறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும் பொறுப்பை அவர் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்று திட்டு, மெதுவாக நடந்தால் கையை விட்டுவிட்டாய் என்று திட்டு. கொண்டுபோய் உட்காரவைத்த பிறகு அந்த அம்மாளுக்கு ரொட்டியை வெட்டிக்கொள்ளச் சிரமமாக இருப்பதைக் கவனித்து, யாரும் சொல்லாமலே வெட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு புன்னகையோடு திரும்புவார். வயதானவர்களை வைத்துக் காப்பாற்றும் வீடுகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் திட்டு எல்லாம் தெரேசம்மாள்மேல் விழுந்தது. அதைப் பொறுக்கவேண்டும் என்று முடிவெடுத்தவரும் அவரே. இன்னொரு கன்னியரைக் கூப்பிட்டு, "நீ பொறுத்துக்கொள், உனக்குப் புண்ணியம்" என்று அவர் சொல்லவில்லை.

இப்போது இரண்டாவது வகைக்கு வருகிறேன், காயப்படுத்துகிறவர்கள். பெயர் சொல்லாமல் என் குடும்பத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

எனக்கு ஓர் அண்ணன். என்னைவிட ஏழு வயது மூத்தவர். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். அண்ணன் எழுதிக்கொடுத்தார், பிறகு பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். நான் அப்போது சிறுவன், அப்பாவோடு இந்தியக் குடிமகன் ஆனேன். வளர்ந்து இங்கேயே குமாஸ்தா ஆனேன். அவருக்குப் பிரெஞ்சு பென்ஷன், எனக்கு இந்திய பென்ஷன். அவர் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீட்டு மாடி எழும்பியது. என் தங்கை கல்யாணத்துக்கு முக்கால் செலவு அவருடையது. இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். கையில் தாராளம் உள்ளவர், நாக்கில் இல்லை.

என்னை அவர் சொல்லாத சொல் கிடையாது. "ஃபைலுக்கு நாடா கட்டினவன்தானே" என்பார். மாடிப்படி ஏறும்போதெல்லாம் ஒவ்வொரு படிக்கும் என்ன செலவாயிற்று என்பார். நான் சிரித்துக்கொள்வேன். அது என்மேல் விழுகிறது, எனக்கு வலிக்கவும் இல்லை. அறுபது வயதுக்கு மேல் அண்ணன் ஒருவர் உயிரோடிருந்து நம்மைத் திட்டுவதே ஒரு கொடுப்பினை என்று நினைப்பவன் நான்.

ஆனால் சில வருஷங்களுக்கு முன் கிறிஸ்துமஸ் மதியம், இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில், என் மருமகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. "இந்த வருஷமும் ஒண்ணும் இல்லையா?" என்றார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காய்க்காத மரத்தைப் பற்றி ஒரு பழமொழியும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பெண் கையில் பரிமாறுகிற கரண்டி. பக்கத்து அறையில் குடிலில் பாலன் படுத்திருக்கிறார். நடுச்சாமப் பூசையில் அந்தப் பெண் என்ன வேண்டிக்கொண்டிருப்பாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு என் மனைவியின் அக்கா மெதுவாகச் சொன்னார்: "பொறுத்துக்கோம்மா, பெரியவர் ஏதோ ஆசையில கேக்குறார்."

நான் சொன்னது இதுதான்: "அண்ணே, என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கேட்டுக்குறேன். அந்தப் பொண்ணை விட்டுடுங்க."

"எனக்குப் புத்தி சொல்ற அளவுக்கு வந்துட்டியா?" என்றார். கை கழுவிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். அரை மணி கழித்து நான் காப்பி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காப்பியைக் குடித்தார், பேசவில்லை. வருஷப் பிறப்புக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சொல்லிக்கொள்ளாமலே விமானம் ஏறினார். என் மனைவிக்கும் என்மேல் வருத்தம். "வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவர், வயசானவர், பண்டிகை நாள்ல இப்படிச் செஞ்சிட்டீங்களே" என்று ஜனவரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட மாட்டேன். நம்மில் பெரும்பாலோர் வாயை மூடிக்கொள்வது கோழைத்தனத்தால் இல்லை. இன்னும் எத்தனை கிறிஸ்துமஸ் இவரோடு கிடைக்குமோ என்ற நினைப்பால். அந்தக் கணக்கு எனக்கும் உண்டு. ஆனால் அதே பந்தியில் அந்தப் பெண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: இன்னும் எத்தனை கிறிஸ்துமஸ் இதைக் கேட்க வேண்டும் என்ற கணக்கு. முதல் கணக்கைப் பார்த்தவர்கள் இருபது பேர். இரண்டாவதைப் பார்க்கவும் யாராவது ஒருவர் வேண்டும் அல்லவா?

என் கருத்து இதுதான். என்மேல் விழுவதை நான் பொறுக்கலாம், அது புண்ணியம். இன்னொருவர்மேல் விழுவதைப் பொறுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தால், அடுத்தவர் பணத்தை எடுத்துத் தர்மம் செய்துவிட்டு என் பெயரில் ரசீது வாங்குவதற்குச் சமம்.

"கர்த்தரே வாய் திறக்கவில்லையே, அடித்தபோதும் பொறுத்தாரே" என்று சிலர் சொல்வார்கள். சுவிசேஷத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். தலைமைக் குருவின் முன்னால் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, ஏன் அடிக்கிறாய் என்று காரணம் கேட்டதாக யோவான் எழுதியிருக்கிறார். திருப்பி அடிக்கவில்லை, ஆனால் கேட்டார். இன்னொரு இடம் நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது ஒரு விருந்து. பெத்தானியாவில் பந்தியில் இருக்கும்போது ஒரு பெண் விலையுயர்ந்த தைலத்தைக் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றினாள். விருந்தாளிகள் சிலர் இது வீண் செலவு என்று அவளைக் கடிந்துகொண்டார்கள். அவரும் அங்கே விருந்தாளிதான். பண்டிகை நெருங்கிய நாள்தான். பந்தியின் சந்தோஷம் கெடுமே என்று அவர் பார்க்கவில்லை. அவளை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள், விட்டுவிடுங்கள் என்று எல்லோர் முன்பும் சொன்னார். தமக்கு வந்த அவமானத்தைச் சகித்தவர், ஒரு பெண்ணுக்கு வந்த அவமானத்தைச் சகிக்கவில்லை. இந்த வித்தியாசத்தை நம் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை.

யாக்கோபு எழுதிய கடிதத்தையும் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று அதன் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து வாசிப்பார்கள். முன்மழைக்கும் பின்மழைக்கும் காத்திருக்கும் விவசாயியைப்போலப் பொறுமையாயிருங்கள், ஒருவர்மேல் ஒருவர் முறையிடாதீர்கள் என்ற கருத்து அதில் வரும். டிசம்பரில் பாகூர்ப் பக்கம் போய் வயலைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். விவசாயி காத்திருக்கிறான் என்பதற்காகச் சும்மா இருக்கிறான் என்று பொருளில்லை. வரப்பு வெட்டுகிறான், களை எடுக்கிறான், தண்ணீரை வடிக்கிறான். அவன் கையில் இல்லாத மழைக்கும் கதிருக்கும்தான் காத்திருக்கிறான். இன்னொன்று. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட பணக்காரர்களை யாக்கோபு சாடுகிறார். கோயிலில் வாசிக்கும் பகுதி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பொறுமையைப் போதித்தவரே அநியாயத்தையும் கண்டித்தார், அதுவும் ஒரே அதிகாரத்தில். ஞானோபதேசப் பட்டியலிலும் பொறுத்துக்கொள்வதும் கண்டித்துத் திருத்துவதும் ஒரே ஏழுக்குள்தான் இருக்கின்றன. நாம் நமக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கிறிஸ்துமஸை அடுத்த ஞாயிறு திருக்குடும்பத் திருநாள். அன்றைக்குப் பவுல் கொலோசையருக்கு எழுதியதை வாசிப்பது வழக்கம். அதில் பொறுமையை உடைபோல அணிந்துகொள்ளச் சொல்கிறார். ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். "ஒருவரை ஒருவர்" என்பதுதான் முக்கியம். மருமகள் மட்டும் பொறுப்பது, அடுக்களையில் நிற்பவர்கள் மட்டும் பொறுப்பது, இளையவர்கள் மட்டும் பொறுப்பது என்று அதில் இல்லை. பிள்ளைகள் மனம் தளர்ந்துபோகாதபடி அவர்களுக்கு எரிச்சலூட்ட வேண்டாம் என்று தகப்பன்மார்களுக்கும் ஒரு கட்டளை அங்கேயே உண்டு. அந்த வரியை எந்த வீட்டிலும் சுவரில் மாட்டிப் பார்த்ததில்லை.

சரி, கண்டிப்பது என்றால் எப்படி? பண்டிகை நாளில் பந்தியில் சண்டை போடச் சொல்கிறேனா? இல்லை. இதற்குப் புனித மோனிக்கம்மாளிடம் போகலாம். அகுஸ்தினார் தம் தன்வரலாற்று நூலின் ஒன்பதாம் பகுதியில் தாயாரைப் பற்றி எழுதுகிறார். கணவர் முன்கோபி. கோபம் கொதிக்கும்போது மோனிக்கம்மாள் எதிர்த்துப் பேசமாட்டார். கோபம் தணிந்து, மனிதர் நிதானத்துக்கு வந்த பிறகு, நடந்ததை எடுத்துச் சொல்வார். மாமியாரிடம் வேலைக்காரிகள் கோள்மூட்டியிருந்தார்கள். பொறுமையாலேயே மாமியாரைத் தம் பக்கம் ஆக்கினார். இன்னொரு நல்ல குணமும் அவருக்கு இருந்தது. மனஸ்தாபத்தில் இருக்கும் இரண்டு பெண்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் இவரிடம் வந்து கொட்டினால், சேர்த்துவைக்க உதவும் சொல்லை மட்டும் அடுத்தவரிடம் கொண்டுபோவார். மற்றதை விழுங்கிவிடுவார். பண்டிகைக்குக் கூடும் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் பாதிச் சண்டை வராது.

அதே பகுதியில், கணவரிடம் அடிபட்டு முகத்தில் தழும்போடு வந்த பெண்களிடம் உங்கள் நாக்கைத்தான் குறை சொல்ல வேண்டும் என்கிறமாதிரி மோனிக்கம்மாள் பேசியதாகவும் வருகிறது. அதை நான் ஏற்கமாட்டேன். புனிதர்களும் தம் காலத்து மனிதர்கள். கைநீட்டுகிறவர் இருக்கும் வீட்டில் பொறுமையைப் போதிப்பது பாவம் என்றே நினைக்கிறேன்.

மோனிக்கம்மாளின் முறையில் நான் ஒரு சிறு திருத்தம் மட்டும் சேர்ப்பேன். நிறுத்துவது உடனே, விளக்குவது பிறகு. இன்னொருவர் காயப்படும்போது கோபம் தணியட்டும் என்று காத்திருக்க முடியாது. ஒரே வாக்கியத்தில், குரலை உயர்த்தாமல் நிறுத்திவிட வேண்டும். ஏன் நிறுத்தினேன் என்ற நீண்ட பேச்சை, இருபது பேர் இல்லாத இடத்தில், காப்பியோடு வைத்துக்கொள்ளலாம்.

அரசு அலுவலகத்தில் பல வருஷம் நான் பார்த்த வேலையும் இதைத்தான் கற்றுக்கொடுத்தது. பிரெஞ்சு தெரிந்த குமாஸ்தா என்பதால் பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வரும். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் குடியுரிமைக் காகிதமே நின்றுவிடும். வருகிறவர்கள் கத்துவார்கள். அவர்களுக்கு அது வாழ்க்கை. என்மேல் கத்தினால் கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் பதிவேட்டைத் திறப்பேன். வரிசையில் நிற்கும் கிழவியைத் தள்ளினால் மட்டும் உடனே எழுந்து நிற்பேன். கவுண்டரில் ஒரு வசதி உண்டு, சாயங்காலம் மூடிவிடலாம். வீட்டில் அந்த வசதி இல்லை. அதனால் சில ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. எங்கள் வீட்டில் நாங்கள் பின்பற்றுவதைச் சொல்கிறேன்.

1. சொத்துப் பேச்சுக்குப் பண்டிகை நாளில் இடம் இல்லை. கட்டாயம் பேசவேண்டுமானால் ஜனவரியில் ஒரு நாளை இப்போதே குறித்துவிடுகிறோம். நாள் குறித்துவிட்டால் பந்தியில் கிளறவேண்டிய அவசரம் யாருக்கும் இருப்பதில்லை.

2. சிடுசிடுப்பவருக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். குடிலுக்கு விளக்குப் போடுவது, மார்க்கெட்டுக்குப் போய் மீன் பார்த்து வாங்குவது. வேலை உள்ள மனிதருக்குக் குறை சொல்ல நேரம் குறைவு. அவர் வாங்கிவந்த மீனை அவரே குறை சொல்லவும் முடியாது.

3. குழந்தை, கல்யாணம், சம்பளம், உடம்பு நிறம், எடை ஆகியவற்றைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. இதை நானே வீட்டுப் பெரியவன் என்ற முறையில் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருமகள் வாயால் சொல்லவைப்பதில்லை.

4. சமைக்கிறவர்களும் பந்தியில் உட்காருகிறார்கள். ஆண்கள் பரிமாறக் கற்றுக்கொண்டோம். நான் பரிமாறும்போது குழம்பு சிந்துகிறது. அதை எல்லோரும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒருவரை ஒருவர் பொறுப்பது என்றால் இதுவும்தான்.

5. எவ்வளவு மனஸ்தாபம் வந்தாலும், அடுத்த வருஷத்து அழைப்பை நிறுத்துவதில்லை.

இந்தக் கடைசி ஏற்பாட்டில்தான் பொறுமை முழுதாக இருக்கிறது என்று நினைக்கிறேன். பிரெஞ்சில் பொறுமையைக் குறிக்கும் சொல் துன்பப்படுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. நோயாளிக்கும் அதே சொல்தான். தமிழ் இன்னும் தாராளமானது. "பொறு" என்றால் கொஞ்சம் காத்திரு. "பொறுத்துக்கொள்" என்றால் தாங்கு. "பொறுத்தருள்" என்றால் மன்னித்துவிடு. காத்திருப்பது, தாங்குவது, மன்னிப்பது மூன்றையும் ஒரே வினைச்சொல்லில் வைத்திருக்கிறோம். "வாயை மூடு" என்பது அந்த மூன்றில் இல்லை. பள்ளியில் லா ஃபோந்தேனின் சிங்கமும் எலியும் கதையை ஒப்பித்திருக்கிறோம். வலையில் மாட்டிய சிங்கம் உறுமியும் பலனில்லை. எலி வந்து ஒரு கண்ணியைப் பல்லால் அறுத்தது, வலை பிரிந்தது. எலியின் பொறுமை சும்மா இருந்து பார்த்த பொறுமை இல்லை.

அண்ணன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாலு மாதம் பேச்சில்லை. ஈஸ்டர் அன்று ஒன்றுமே நடக்காததுபோல் போன் செய்து, பாகற்காய் என்ன விலை விற்கிறது என்று கேட்டார். அடுத்த டிசம்பரில் வந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் குடும்பத்தில் வழக்கத்தில் இல்லை. மருமகள் கையில் ஒரு சாக்லேட் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "உனக்குத்தான்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. மாடிப்படிக் கணக்கு மட்டும் இன்றுவரை தொடர்கிறது. அது என்மேல் விழுவது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. 2016 நவம்பரில், இரக்கத்தின் யூபிலி ஆண்டு முடியும் தருவாயில், பாப்பரசர் பிரான்சிஸ் இந்தத் "தொல்லை தருபவரைப் பொறுத்துக்கொள்வது" பற்றிப் பேசினார். தொல்லை தருபவரைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்கிறோமே, நாமும் சில சமயம் பிறருக்குத் தொல்லையாக இருக்கிறோமா என்று சோதித்துப் பார்ப்பதுண்டா என்று அவர் கேட்டார். எழுபது தாண்டிய என் வாசக நண்பர்கள் இந்தக் கேள்வியைப் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. நமக்கும் ஒரு கப்பல் கதை இருக்கும். யாரோ ஒரு பிள்ளை நம்மிடம், "அப்புறம் என்ன ஆச்சு தாத்தா?" என்று புதிதாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். டிசம்பர் 26 கல்லால் எறிந்து கொல்லப்பட்ட புனித ஸ்தேவானின் திருநாள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விருந்துக்கு மறுநாளே அவரைத் திருச்சபை வைத்தது யோசித்துத்தான் இருக்கும்.